நாக்கில் படாத மாத்திரை

தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவருக்கு நாக்குதான் சோறு போட்டது. ஒரு வாய் உறிஞ்சினால் போதும், எந்த மலை, எந்த மழைக்குப் பறித்த கொழுந்து என்று புட்டுப் புட்டு வைப்பார். ஊரில் புதுக் காய்ச்சல் பரவி, அது நாக்கின் ருசியையே பறித்துவிடுகிறது என்று கேள்விப்பட்டதும் பார்த்தவர்களிடமெல்லாம் அதற்கு வழி கேட்டார்.

பழைய மலேரியா மாத்திரை போட்டால் அது கிட்டவே அண்டாது என்று யாரோ சொல்ல, கடை கடையாக அலைந்து கடைசிப் புட்டியை வாங்கிவந்து அலமாரியில் பூட்டினார்.

"என்னங்க, கீழ்வீட்டுத் தையல்கார அக்கா மூட்டுவலிக்கு டாக்டர் சொல்லி வருஷக்கணக்கா சாப்பிடுறது இதேதான். எந்தக் கடையிலயும் கிடைக்காம, விரலே மடங்க மாட்டேங்குதாம். கொடுத்துடலாமே" என்றாள் மனைவி.

"அவங்களுக்கு விரல்னா எனக்கு நாக்கு."

"காய்ச்சலுக்கு இது கேக்கும்னு நம்ம டாக்டர் சொல்லலையே."

"கேக்காதுன்னும் சொல்லலையே."

அவள் மேற்கொண்டு பேசவில்லை. அவர் மீசையை முறுக்கிக்கொண்டார். அந்த அம்மாள் வாயடைத்துப் போனதாகச் சரித்திரமே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. சாவியைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்தார். உறை மாற்றுவது யார் என்றும் யோசிக்கவில்லை.

கசப்பு பட்டால் நாக்கு கெட்டுவிடுமாம். அதனால் தினமும் எழுந்தவுடன் அண்ணாந்து, மாத்திரையை நேராகத் தொண்டையில் போட்டு மடக்கென்று விழுங்கினார். ஒரு நாள் காலை அது இருமலோடு மேலே வந்து நாக்கிலேயே உட்கார்ந்தது. விதியே என்று கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"என்ன மாத்திரை இது, கசக்கவே இல்ல" என்றார்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "இனிக்குதா?"

"ஒண்ணுமே தெரியல."

அவள் மளமளவென்று பின்வாங்கி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். "அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்துங்க. நீங்க இத்தனை நாளும் முழுங்குனது சர்க்கரை மிட்டாய். மாத்திரை அக்காவுக்குப் போயாச்சு. நான் டாக்டருக்கு போன் பண்றேன்."

கோபப்பட வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

அறைக்குள் கிடந்த நாளெல்லாம் வேளை தவறாமல் கஞ்சியும் டாக்டர் சொன்ன மருந்தும் வாசலுக்கு வந்தன. கீழ்வீட்டில் தையல் மெஷின் கடகடவென்று ஓடியது. அந்த விரல்கள் தைத்த முகக்கவசங்களைத்தான் தெருவே மாட்டியிருந்தது. இப்படி ஒரு மனைவி நமக்கு வாய்த்தாளே என்று அவர் கண் கலங்கியது. அது காய்ச்சலால் அல்ல.

தட்டில் தினமும் ஒரு மிட்டாயும் இருக்கும். ஒரு நாள் அதை வாயில் போட்டவர் கதவைத் தடதடவென்று தட்டினார்.

"இனிக்குது" என்றார், அழாத குறையாக.

"அப்போ உங்க மாத்திரை கேக்கத்தான் செய்யுது" என்றது கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல்.