பாலம் விழ வேண்டிய ஆண்டு

ஒரு காட்டில் ஒரு பாலம் உறுதியாக இருந்தது. இந்தக் கதையில் வரும் தொல்லைகள் அனைத்துக்கும் அதுவே காரணம்.

அந்தப் பாலம் ஓர் ஓடையின் குறுக்கே கிடந்தது. முந்தைய ஆண்டு திருமேனி என்ற யானை அதன்மேல் நடந்தபோது பாலமும் யானையும் சேர்ந்தே ஓடைக்குள் இறங்கின. காடே கூடி அதை மீண்டும் கட்டியது. காட்டெருமைகள் மரம் இழுத்தன. குரங்குகள் கொடிகளை முறுக்கிக் கட்டின. கரையான்கள் வாயை அடக்கிக்கொண்டு ஒத்துழைத்தன. வேலை செய்தவர்களுக்கெல்லாம் காடு தன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து உணவு போட்டது. எல்லோரும் யானையைத் திட்டிக்கொண்டே கட்டியதால் ஒவ்வொரு முடிச்சும் இறுகிவிட்டது. அப்படி ஒரு பாலம் அந்தப் பக்கத்தில் எங்குமே கிடையாது.

அந்தக் காடும் அக்கம்பக்கத்துக் காடுகள் ஆறும் சேர்ந்து ஒரு வழித்தட வாரியம் அமைத்திருந்தன. சந்தையில் எது கைமாறினாலும் நூற்றுக்கு அரை விற்பனை வரி. நூறு பலாச்சுளை விற்றால் அரைச்சுளை வாரியத்துக்குப் போகும். மீதி அரைச்சுளையை என்ன செய்வது என்று விதியில் இல்லாததால், வசூலிக்கும் அணிலே அதைத் தின்றுவிடும். இப்படிச் சேர்வதை வாரியம் ஆண்டுதோறும் ஏழு காடுகளுக்கும் பாதை வேலைக்காகப் பங்கிட்டது. ஆனால் பங்கு வாங்கத் தகுதி வேண்டும். தகுதி விதிகளில் முதன்மையானது இது: வாரியத்தின் பங்கு வருகிறதே என்று எந்தக் காடும் தன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது, சென்ற ஆண்டு தன் சொந்தச் செலவில் பாதைகளுக்கு எவ்வளவு செய்ததோ, அதற்குக் குறையாமல் இந்த ஆண்டும் செய்திருக்க வேண்டும்.

நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட விதிதான். பெரும்பாலான விதிகள் அப்படித்தான் எழுதப்படுகின்றன.

இனி, சௌந்தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஓர் ஆமை. நிலத்தாமை என்பதால் நீந்தத் தெரியாது. சொன்னால் சிரிப்பார்கள் என்று அவள் அதை யாரிடமும் சொல்வதில்லை. அவளுக்கு முட்டையிடச் சூடான மணல் வேண்டும். மணல் அக்கரையில் இருந்தது. இக்கரை முழுவதும் களிமண். சென்ற ஆண்டு அவள் ஓடையை நெருங்குவதற்குள் பாலம் விழுந்துவிட்டது. வேறு வழியின்றிக் களிமண்ணில் இட்ட முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியவில்லை. அதனால் இந்த ஆண்டு அவள் வெகு முன்னதாகவே புறப்பட்டிருந்தாள்.

காட்டு மன்றம் கூடுகிற அத்தி மரத்தடி அவள் போகும் வழியில் இருந்தது. கூட்டம் தொடங்கியபோது மரத்துக்கு இந்தப் பக்கம் இருந்தவள், முடியும்போது அந்தப் பக்கம் சேர்ந்திருந்தாள். ஆகவே அங்கே பேசப்பட்ட அனைத்தையும் அவள் கேட்க நேர்ந்தது.

மன்றத்தின் செயலாளர் பத்மாசனி என்ற கீரி. அவர் பின்னங்கால்களில் எழுந்து நின்று பேசினார்.

"தலைவரே, நம்ம தகுதிக்கு ஆபத்து வந்திருக்கு. இந்த வருஷம் நாம செஞ்ச வேலை ஒண்ணே ஒண்ணு. சந்தைப் பாதையில ஒரு முள்ளுச்செடியை வெட்டினோம்."

தலைவர் காட்டெருமை சற்று யோசித்தார். "பெரிய முள்ளுதானே அது?"

"எவ்வளவு பெரிசா இருந்தாலும் பாலம் ஆகுமா? போன வருஷம் பாலம் கட்டினோம். அதுக்குக் குறையாம இந்த வருஷமும் செஞ்சிருக்கணும். பௌர்ணமிக்கு வாரியத்துலேர்ந்து ஆய்வாளர் வர்றார்."

"புதுசா ஒரு பாதை போட்டுட்டாப் போச்சு."

"புதுசா எது செய்யணும்னாலும் ஏழு வருஷத் திட்டத்துல இருக்கணும். திட்டத்தை அனுப்பியாச்சு, இனிமே கை வைக்க முடியாது. பழுது பார்க்கலாம். பழுதுக்குத் திட்டம் தேவையில்லை."

"அப்பப் பழுது பாருங்க செயலாளரம்மா. அதுக்கு எதுக்குக் கூட்டம்?"

"பழுது இருந்தாத்தானே பார்க்கறதுக்கு?"

மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கிய வௌவால் ஒன்று கண்ணைத் திறக்காமலே கேட்டது. "தகுதி போனாப் போகட்டுமே. பாதையெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"போகலாம். ஆனா வரி நிக்காது. நாம கட்டுற வரியை மத்த ஆறு காடும் பிரிச்சு எடுத்துக்கும்."

அதுவரை அரைத்தூக்கத்தில் இருந்த கூட்டம் முழுவதும் விழித்துக்கொண்டது. "நம்ம பலாச்சுளையில அவன் பாதை போடுவானா?" என்று ஒரு கரடி கேட்டது. எவன் என்று அது சொல்லவில்லை, எல்லோருக்கும் புரிந்தது. அடுத்த சில நொடிகளில் பாலத்தை உடைப்பது என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. யார் உடைப்பது என்று எவரும் கேட்கவில்லை. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

திருமேனி மரத்துக்குப் பின்னால் மறைய முயன்றான். யானைகளுக்கு அது எளிதல்ல.

"என்னால முடியாதுங்க," என்றான். "ஒரு தடவை விழுந்ததுக்கே குரங்குப் பசங்க என்னைப் பாலமுழுங்கின்னு கூப்பிடறாங்க. அன்னையிலேர்ந்து நான் அந்தப் பக்கமே போறதில்லை. எட்டத்துல இருக்கிற மேட்டுத்துறை வரைக்கும் சுத்திப்போய், தண்ணியில இறங்கித்தான் தாண்டறேன். கொஞ்சம் இளைக்கக்கூடச் செஞ்சிருக்கேன்."

"எங்க இளைச்சிருக்கே?" என்றது கரடி.

"உள்ளுக்குள்ள."

கீரி குரலைத் தணித்துக்கொண்டார். "திருமேனி, போன வருஷம் நீ விழுந்தது விபத்து. இந்த வருஷம் நீ விழப்போறது தீர்மானம். இது வேற, அது வேற. யாரும் சிரிக்க மாட்டாங்க. சிரிக்கக் கூடாதுன்னு அதையும் தீர்மானத்துல சேர்த்திருக்கோம்."

அப்போதுதான் சௌந்தரம் கழுத்தை வெளியே நீட்டினாள்.

"அம்மா, நான் அக்கரைக்குப் போயிடறேன். அதுக்கப்புறம் உடைச்சுக்குங்க."

"எப்ப போய்ச் சேருவீங்க?"

"இப்படியே நிக்காம போனா, பௌர்ணமி கழிஞ்சு ஒரு வாரத்துல."

"ஆய்வாளர் பௌர்ணமிக்கே வந்துடுவாரே."

"அப்ப என் முட்டை?" என்றாள் சௌந்தரம். "போன வருஷமும் களிமண்ணுல போச்சு. எனக்குத் தகுதியெல்லாம் வேண்டாம் அம்மா. மணல் வேணும்."

திருமேனிக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. "அக்கா, நான் உங்களைத் தும்பிக்கையில தூக்கி மேட்டுத்துறை வழியா அக்கரையில விட்டுடறேன். அரை நாள் வேலை."

"தொடாதே," என்றார் கீரி. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பொறுமையாக விளக்கினார். வாரியத்தின் இன்னொரு விதிப்படி, ஒவ்வொரு காட்டிலும் மெதுவாகச் செல்வோர் தாமாக நடந்துபோக வசதி இருக்க வேண்டும். இந்தக் காட்டில் மெதுவாகச் செல்வோர் என்று இருப்பது சௌந்தரம் ஒருத்திதான். அவளை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போனால், மெதுவாகச் செல்வோர் எவரும் இல்லை என்றாகும். அந்த வகையிலும் தகுதி போகும்.

"ஆக, எனக்காக இருக்கிற விதியாலதான் நான் போக முடியாது," என்றாள் சௌந்தரம்.

"நீங்க நடந்து போகலாம். யார் தடுக்கறா?" என்றார் கீரி. அவர் உண்மையாகவே வியந்து கேட்டார்.

தீர்மானத்தில் இருந்து தப்ப முடியாது என்று தெரிந்ததும் திருமேனி தன்னால் ஆன ஒன்றைச் செய்தான். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொன்னான். முதலில் கால்வலி, பிறகு சகுனம் சரியில்லை, பிறகு தன் அத்தை ஒருத்தி இறந்துவிட்டதாகச் சொல்லித் துக்கம் காத்தான். சௌந்தரமும் இரவு பகலாக நடந்தாள். பௌர்ணமியன்று காலையில் கீரி தாமே வந்து யானையை அழைத்துப் போனபோது, அவள் பாலத்தின் தொடக்கத்துக்கு வந்திருந்தாள்.

"தம்பி, இன்னும் ஒரே ஒரு நாள் பொறுக்க மாட்டியா?" என்றாள்.

"என் கையில இல்லக்கா," என்று சொல்லிவிட்டு, திருமேனி கண்களை மூடிக்கொண்டு பாலத்தின் நடுவில் போய் நின்றான்.

ஒன்றும் நடக்கவில்லை.

"குதி," என்றார் கீரி கரையிலிருந்து.

குதித்தான். பாலம் சிறிது முனகியது, அவ்வளவுதான். கரடி வந்து சேர்ந்துகொண்டது. காட்டெருமைகள் வந்தன. குரங்குகள் தாங்கள் சென்ற ஆண்டு போட்ட முடிச்சுகளைத் தாங்களே அவிழ்க்க முடியாமல் ஒன்றையொன்று குறை கூறின. கடைசியில் தலைவரும் பதவியை மறந்து குதிக்கத் தொடங்கினார். அந்த நேரத்தில்தான் ஆய்வாளர் நாரை வானிலிருந்து இறங்கி, ஒரு காலை மடித்துக்கொண்டு கரையில் நின்றார்.

"என்ன நடக்கிறது இங்கே?"

"சுமைச் சோதனை ஐயா," என்றார் கீரி, தயங்காமல்.

"யார் செலவில்?"

"எங்க சொந்தச் செலவுலதான்."

நாரை தலையசைத்தார். அவர் தலையசைத்து முடிப்பதற்குள் பாலம் முறிந்தது. மற்றவர்கள் எப்படியோ கரைக்குத் தாவிவிட்டார்கள். திருமேனி மட்டும் நேராக ஓடைக்குள் விழுந்து, தலை ஒரு கரையிலும் பின்புறம் மறு கரையிலும் முட்டிக்கொள்ளக் குறுக்கே சிக்கிக்கொண்டான். கால்களுக்கு நடுவே தண்ணீர் ஓடியது. வழக்கப்படி ஒரு குரங்கு சிரித்தது. தீர்மானம் நினைவுக்கு வந்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டது.

திருமேனி காலை ஊன்றி எழப் பார்த்தான். அப்போது நெற்றியின் மேல் ஏதோ மெல்ல ஊர்ந்தது.

"எழுந்திரிக்காதே தம்பி," என்றது ஒரு குரல். "நான்தான். ஏறிட்டேன்."

அவன் அசையாமல் இருந்தான். மூச்சுக்கூடச் சிறிதாக விட்டான். சௌந்தரம் அவன் நெற்றியைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, முதுகின் மேல் நடந்தாள். வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. அதற்குள் சந்தைக்குப் போக வேண்டிய முயல்களும் மான்களும் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றுவிட்டன. "அக்கா, ஒதுங்கினா நாங்க முன்னால போயிடுவோம்," என்றது ஒரு முயல். "எங்கே ஒதுங்க? இது என்ன அகலப் பாதையா?" என்றாள் சௌந்தரம்.

ஆய்வாளர் நாரை இதையெல்லாம் ஒற்றைக் காலில் நின்றபடி நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"செயலாளரே, இது பாலமா, யானையா?"

கீரி மறுபடியும் பின்னங்கால்களில் எழுந்து நின்றார். ஏழு காடுகளிலும் அவரைவிட விதி அறிந்தவர் இல்லை என்று பெயர். "ஐயா, விதியில பாலம்னா என்னன்னு போட்டிருக்கு? இரண்டு கரையையும் சேர்க்கணும். கீழே தண்ணி போகணும். மேலே ஆள் போகணும்."

நாரை ஓடையைப் பார்த்தார். "போகிறது," என்றார். சற்றுப் பொறுத்து, "போகிறார்கள்," என்றார்.

"மெதுவாகச் செல்வோரும் தாமாவே நடந்து போறாங்க, பார்த்துக்குங்க."

"பராமரிப்பு?"

"தினமும் ஒரு வண்டி மூங்கில், கொஞ்சம் கரும்பு, வாழைத்தண்டு. எல்லாம் எங்க களஞ்சியத்துலேர்ந்து."

நாரை மனத்துக்குள் கணக்கிட்டார். சென்ற ஆண்டின் செலவைவிடக் கூடுதலாகவே இருந்தது. "அடுத்த ஆண்டு இந்தச் செலவு குறைந்துவிடாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?" என்றார்.

"யானைங்க ஐயா," என்றார் கீரி.

காட்டின் தகுதி அந்த இடத்திலேயே உறுதி செய்யப்பட்டது. ஆய்வாளர் பறந்து போனதும், திருமேனி ஓடைக்குள்ளிருந்து பணிவாகக் கேட்டான். "அப்ப நான் எழுந்துக்கலாங்களா?"

"எழுந்தா பாலம் இல்லாம போயிடுமே," என்றார் கீரி. "கரும்பு வருது. இரு."

கரும்பு வந்தது. திருமேனி இருந்தான். அன்று முதல் எந்தக் குரங்கும் அவனைப் பாலமுழுங்கி என்று அழைக்கவில்லை. அவன் மேல் நடந்து போகிறவர்கள் "ஐயா, கொஞ்சம் வாலைத் தூக்கிக்குங்க" என்று மரியாதையாகப் பேசினார்கள். வாரியத்தின் பங்கும் ஒழுங்காக வந்தது. அதைக் கொண்டு பாலத்துக்கு வந்து சேரும் பாதையை அகலப்படுத்தினார்கள். மற்ற ஆறு காடுகளும் இதைக் கேள்விப்பட்டு, தங்கள் ஊர் யானைகளின் உயரத்தையும் நீளத்தையும் விசாரிக்கத் தொடங்கின.

சௌந்தரம் மணலில் குழி தோண்டி முட்டையிட்டாள். மூடினாள். மணல் சூடாக இருக்கிறதா என்று பலமுறை தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். வரும் வழியில் யானையின் கழுத்தருகே சற்று நின்றாள்.

"வலிக்குதா தம்பி?"

"வலியில்லக்கா. இடது காதுக்குப் பின்னால அரிக்குது. நாலு நாளா. செயலாளரம்மாகிட்டச் சொன்னேன். பாலத்துக்குக் காது இருக்குன்னு வாரியத்துக்கு இன்னும் தெரிவிக்கலையாம். அடுத்த ஏழு வருஷத் திட்டத்துல சேர்க்கறேன்னாங்க."

சௌந்தரம் இரு புறமும் பார்த்தாள். கீரி கண்ணில் படவில்லை. முன்னங்காலின் நகத்தால், எந்த அனுமதியும் இன்றி, அவள் அந்த இடத்தை மெதுவாகச் சொறிந்துவிட்டாள். மெதுவாகத்தான் அவளுக்கு வரும். திருமேனி கண்களை மூடிக்கொண்டான். அவளுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

நீதி: உறுதியாக நிற்பதற்கு ஒரு முறைதான் நிதி வரும்; ஆகவே நாள் தவறாமல் சாப்பிடுகிற ஒன்றைத் தேடிப் பிடித்துக் குறுக்கே படுக்க வையுங்கள்.