சொல்லுகளைச் சாமிப்படத்தடியில வைச்ச கதை

தலையாட்டிற மனிசனை நம்பி வீட்டில ஒரு சாமானையும் விட்டிட்டுப் போகக்கூடாது. என்னைத்தான் சொல்லுறன். வெளிநாடு வந்த புதுசில, குரோய்டன் விசாக் கந்தோரில வெள்ளைக்காரன் கேக்கிறது விளங்கினாலும் விளங்காட்டியும் ஆட்டிப் பழகின தலை இது. (அங்க உதவினது எண்டு வையுங்கோ.)

தொண்ணூறுகளில, கோலியர்ஸ் வுட்டில, எங்கட மேலறையில நர்கிஸா எண்டு ஒரு உஸ்பெக் பிள்ளை வாடகைக்கு இருந்தது. அவையின்ர பாசையில எந்தச் சொல் எந்தச் சொல்லோட சேரும் எண்டு ஆராய்ச்சி. "கவனமாக் கேக்கிறதை நாங்கள் காதைப் போடுறது எண்டுவம், அங்கிள்" எண்டு ஒருநாள் சொல்லிச்சுது. "கழட்டி எங்கயம்மா போடுவியள்?" எண்டன். விழுந்து விழுந்து சிரிச்சுது. (நல்ல பிள்ளை. புட்டுக்குச் சீனி போட்டுத் தின்னும்.)

தன்ர அறை காணாது, ஹோலில கடுதாசி பரப்பட்டோ எண்டு ஒரு வியாழக்கிழமை கேட்டுது. தொடப்படாது எண்டும் சொன்னதாம். நான் கிரிக்கெட் பாத்துக்கொண்டு தலையாட்டினன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாத்தா, கம்பளம் முழுக்கச் சிவப்பும் நீலமுமாச் சோடி சோடியாத் துண்டுக் கடுதாசி, ஒவ்வொண்டிலும் ஒரு சொல். கால் வைக்க இடமில்லை. எழுத்தை மிதிக்கலாமோ? சரஸ்வதியெல்லோ! ஒவ்வொண்டாப் பொறுக்கிக் கண்ணில ஒத்தினன். காட்ஸ் பிரிக்கிற மாதிரிச் சிவப்பு ஒரு கட்டு, நீலம் ஒரு கட்டு. சாமிப்படத்தடியில வைச்சு, ஒரு பூவும் வைச்சன்.

மனிசி வந்து தலையில கைவைச்சா. "ஐயோ, இஞ்சாருங்கோ! திங்கக்கிழமை புரொபெசருக்குக் காட்ட அடுக்கினதப்பா! இது பிழைச்சா அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பிப்போடுவினம்!"

"திரும்ப விரிச்சு விடட்டே?"

"கிழிஞ்சுது! தமிழையே எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஆள்!"

குரோய்டனிலகூட எனக்கு அப்பிடி வேர்க்கேல்லை.

கதவு திறந்துது. நர்கிஸா வெறுங் கம்பளத்தைப் பாத்துது. சாமிப்படத்தைப் பாத்துது. பூவைப் பாத்துது.

"அங்கிள், ஒரு வருசமாக் கலியாணம் கட்டி வைச்ச சோடியள். எல்லாத்தையும் பிரிச்சுப்போட்டியள்."

பிள்ளை ஒரு துண்டை எடுத்துப் பிரட்டிக் காட்டிச்சுது. பின்பக்கம் நம்பர்!

"நேற்று நீங்கள் தலையாட்டேக்கையே விளங்கிற்றுது, காதைப் போடேல்லையெண்டு. அதுதான் எல்லாத்திலயும் நம்பர் போட்டுப் பரப்பினனான்."

போன உயிர் திரும்பி வந்துது. தேத்தண்ணி குடிச்சுக் குடிச்சு மூண்டு பேருமா விரிச்சம். திங்கக்கிழமை பிள்ளை பாஸ்.

இப்பவும் நான் எதுக்கும் கெதியாத் தலையாட்டினா, மனிசி பேரப்பிள்ளையளைப் பாத்துச் சொல்லுவா: "தாத்தா ஓமெண்டிட்டார். ஓடிப்போய் நம்பர் போடுங்கோ!"