ஓய்வு எடுக்க ஓலை வரணும்

கிராமத்துப் பொம்பளைங்க ஓய்வே எடுக்கறது இல்லன்னு போன வருஷம் அரசாங்கத்துக்குத் தெரிய வந்திச்சி. எப்டித் தெரிஞ்சிதுன்னு கேக்காதீங்க. ஏசி ரூம்ல பத்து பேரு மூணு நாளு உக்காந்து, நடுநடுவுல முந்திரி பக்கோடா துன்னுட்டு, ரொம்ப கஷ்டப்பட்டுக் கண்டுபுடிச்சாங்க. ஒடனே ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க. பேரு ‘மகளிர் தினசரி சுயபராமரிப்பு மற்றும் இளைப்பாறல் இயக்கம்’. பிஸியா கீற ஒவ்வொரு பொம்பளையும் தினமும் பத்து நிமிஷம் தனக்கோசரம் ஒதுக்கணும். அவ்ளோதான். படிக்க சொல்ல நல்லாதான் இருந்திச்சி.

எங்க ஊரு உத்திரமேரூருக்கும் திருமுக்கூடலுக்கும் நடுவுல கீது. எங்க அம்மா சுலோச்சனா காலீல நாலரைக்கு எய்ந்தா, மாடு, சாணி, நாஷ்டா, களையெடுப்பு, துணி, திரும்பியும் மாடுன்னு ஓடிக்கினே இருப்பா. நாலு மணிக்குக் கயனில இருந்து வந்தா மட்டும், வூட்டுக்குப் பின்னால மாட்டுத் தண்ணித்தொட்டி மேல உக்காந்து, காலை ஒரு பக்கெட்டு தண்ணில வுட்டுக்கினு, ஒரு டம்ளர் டீ குடிப்பா. பத்து நிமிஷம். அப்போ எங்க நைனா வந்து “என் சட்டை எங்க”ன்னு கத்துனாலும் அவளுக்குக் காது கேக்காது. நான் சார்ஜர் கேட்டாலும் கேக்காது. பத்து நிமிஷம் கயிச்சி காது தானா வந்துடும்.

எந்த அரசாணையும் இல்லாம, எந்த ஃபாரமும் எயுதாம, ஒருத்தி இருவத்திரெண்டு வருஷமா ஓய்வு எடுத்துக்கினு கீறது இயக்கத்துக்குத் தெரியாது. அதனால அவங்க எங்க ஊருக்கு வந்தாங்க.

வந்தவரு பஞ்சாட்சரம் சாரு, வட்டார ஓய்வு ஒருங்கிணைப்பாளர். கூட தீபலட்சுமின்னு ஒரு பயிற்சியாளர். ஜீப்புக்குப் பின்னால ஒரு சாய்வு நாற்காலி, பாலிதீன் கவரு பிரிக்காம. அத்த சமுதாயக் கூடத்துல நடுவுல எறக்கி வெச்சாங்க.

“ஊருக்கு ஒரு நாற்காலி சாங்ஷன் ஆகியிருக்கு. தகுதியான மகளிர் இதில் அமர்ந்து பத்து நிமிடம் இளைப்பாறலாம்”னாரு சாரு.

“நாங்க முந்நூத்தி பன்னண்டு பேரு கீறோம் சார்”னு பக்கத்து வூட்டு ஜெயம்மா பெரிம்மா சொல்லிச்சி. “எல்லாரும் ஒருத்தர் மடில ஒருத்தர் உக்காந்துக்கலாமா?”

சாரு சிரிக்கல. பேச்சை உத்திரமேரூரு கல்வெட்டு பக்கம் திருப்பிட்டாரு. “உலகத்துக்கே குடவோலை குடுத்த மண்ணும்மா இது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி யாரு பதவியில உக்காரணும்னு ஓலை போட்டு எடுத்தாங்க. யாரு நாற்காலியில உக்காரணும்னு நாம எடுக்கக் கூடாதா?”

கூடமே கை தட்டிச்சி. நானும் தட்டினேன். காஞ்சிபுரத்துல அரசியல் அறிவியல் ரெண்டாம் வருஷம் படிக்கறேன், எனக்கே புத்தி வேலை செய்யல. கல்வெட்டுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எங்க ஊருக்காரங்க எதுக்கும் கை தட்டுவோம்.

தட்டி முடிச்சப்புறந்தான் கணக்குப் போட்டேன். “சார், ஒரு நாளைக்கி ஒருத்தர்னா ஒரு பொம்பளைக்கு வருஷத்துக்கு ஒருக்காதான் வரும். நீங்க குடுத்த நோட்டீஸ்ல ‘தினமும்’னு போட்டிருக்கே.”

“திட்டம் தினமும் நடக்கும்மா. நீங்க தினமும் உக்காரணும்னு எங்க போட்டிருக்கு?”

நோட்டீஸைப் பாத்தேன். போட்டு இல்ல.

குலுக்கல் தினமும் சாய்ந்தரம் நாலு மணியிலேர்ந்து அஞ்சு வரைக்கும். எல்லாரும் வந்தே ஆவணும். மூணு நாளு வரலன்னா மகளிர் குழுவுல இருந்து பேரை எடுத்துடுவாங்க. மண்குடம் இன்னும் டெண்டர்ல கீதுன்னு நீலக்கலர் பிளாஸ்டிக் குடம் வெச்சாங்க. ஓலைக்கு பதிலா பேப்பரு. ஒவ்வொரு பேப்பர்லயும் ‘ஓலை’ன்னு ரப்பர் ஸ்டாம்பு.

மொத நாளு நாலு மணிக்கு அம்மா கயனில இருந்து நேரா கூடத்துக்குப் போனா. பக்கெட்டு காலியா கவுந்து கெடந்திச்சி. அஞ்சு மணிக்கு வந்தா, மாடு கத்திக்கினு இருந்திச்சி. ஒரு வாரம் இப்டியே போச்சி. அம்மா யாருகிட்டயும் சண்டை போடல. கால் வலிக்குதுன்னு மட்டும் சொன்னா. அவ அப்டி சொல்லி நான் கேட்டதே இல்ல.

“இன்னாம்மா பண்ணலாம்?”னேன்.

“ஓலை வந்தா நாற்காலில பத்து நிமிஷம் கெடைக்கும்ல. வரட்டும்.”

ஆனா ஓலை வரணும்னா குடத்துல பேரு போடணும். பேரு போடணும்னா ‘பிஸியான மகளிர் சான்றிதழ்’ வேணும். அத்த பஞ்சாட்சரம் சாரு புதங்கெயம மட்டும் கூடத்துல குடுப்பாரு. அம்மா களையெடுப்புக்கு லீவு போட்டுட்டு காலீல எட்டு மணிக்கு க்யூல நின்னு, மூணு மணிக்கு சாரு முன்னால போனா.

“எவ்ளோ நேரமா நிக்கறீங்க?”

“ஏழு மணி நேரமா சார்.”

சாரு வருத்தமா தலையாட்டுனாரு. “ஏழு மணி நேரம் நிக்க உங்களுக்கு டைம் இருக்கு. அப்போ எப்படிம்மா பிஸின்னு நான் கையெழுத்து போட முடியும்?”

அடுத்த புதங்கெயம நான் காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு அம்மாவுக்கு பதிலா போய் நின்னேன். ஒரு கை பாத்துடலாம்னுதான் போனேன்.

“விண்ணப்பதாரர் எங்க?”

“கயனில வேலை செய்றாங்க சார். பிஸி. அதனாலதான் நான் வந்தேன்.”

“வேலைக்கு ஒத்தாசையா வயசுப் பொண்ணு வீட்டுல இருக்கு”ன்னு சொல்லிக்கினே எயுதுனாரு. “நிராகரிக்கப்படுகிறது.”

“சார், நேர்ல வந்தா டைம் கீதுன்றீங்க. ஆளை அனுப்புனா ஆளு கீதுன்றீங்க. அப்போ யாருக்குத்தான் குடுப்பீங்க?”

“உண்மையிலேயே பிஸியா இருக்கறவங்களுக்கு.”

“அவங்க எப்டி வந்து வாங்குவாங்க?”

“அவங்க வர மாட்டாங்கம்மா. அத வெச்சிதான் அவங்க உண்மையிலேயே பிஸின்னு நாங்க முடிவு பண்றோம்.”

நான் போட்ட சத்தத்துல ரெண்டு காக்கா பறந்துது. சாரு அசையல.

ஜெயம்மா பெரிம்மாதான் வயி சொல்லிச்சி. “ஏன் சுலோச்சனா, மாட்டையும் இட்டுக்கினு போயேன்.”

மூணாவது புதங்கெயம அம்மா மாட்டோட க்யூல நின்னா. சாரு டேபிளுக்கு எதிர்லயே குந்தி, சொம்பை முட்டிக்கு நடுவுல வெச்சிக்கினு பாலைக் கறந்தா. சாரு எட்டிப் பாத்துட்டு ஃபைல்ல எயுதுனாரு: ‘விண்ணப்பதாரர் பணியில் இருப்பது நேரில் காணப்பட்டது.’ கையெழுத்து, சீலு, அஞ்சு நிமிஷத்துல சான்றிதழ்.

அடுத்த வாரம் கூடத்துல கால் வெக்க எடம் இல்ல. ஒருத்தி மாவாட்ட கிரைண்டரு தூக்கியாந்து சாரோட ஃபேன் ப்ளக்க புடுங்கி அதுல சொருகிட்டா. ஒருத்தி நெல்லு பொடைச்சா, உமி சாரு டீயில வியுந்துது. ஆறு மாடு. ஜெயம்மா பெரிம்மா புருஷனையே இட்டாந்து, “இவரை வெச்சி மேய்க்கறதுதான் சார் என் வேல”ன்னு சொல்லிச்சி. அதுக்கும் சான்றிதழ் கெடச்சிது.

நாப்பத்தேயாவது நாளு குடத்துல இருந்து அம்மா பேரு வந்திச்சி.

அம்மா நாற்காலில உக்காந்தா. சாஞ்சா. பாலிதீன் கவரு சரக்கு சரக்குன்னுச்சி. மூணாவது நிமிஷம் வரைக்கும் பொன்னாடை. ஆறாவது நிமிஷம் வரைக்கும் சாரோட வரவேற்புரை. அப்புறம் தீபலட்சுமி மேடம் ஒரு வாசனை மெயுகுவத்தி ஏத்துனாங்க. ஃபேன் காத்துல அது அணைஞ்சிடும்னு ஃபேனை நிறுத்துனாங்க. அம்மாவுக்கு வேர்த்து ஊத்துது. ரெண்டு கண்ணு மேலயும் வெள்ளரிக்கா வெச்சாங்க.

“மேடம், இது உங்களோட மீ டைம். மனசுல எதுவும் நினைக்காதீங்க. உங்களையே நீங்க காதலிக்கணும்.”

“இந்த வயசுல எங்க வூட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாரும்மா.”

“இப்போ கருத்துப் படிவம் ஃபில் பண்ணிடலாம். இருபத்தி மூணு கேள்வி. ஓய்வுல இருக்கறப்பவே எழுதணும்.”

“கண்ணுல வெள்ளரிக்கா கீதும்மா.”

நான் படிச்சேன். “ஓய்வின்போது தாங்கள் எவ்வாறு உணர்கிறீர்கள்? அ, மிக நன்று. ஆ, நன்று. இ, மிக மிக நன்று.”

“எல்லாரும் கொஞ்சம் வெளில போனா நல்லாருக்கும்னு எயுது.”

“அதுக்கு கட்டம் இல்லம்மா.”

சாரு வாட்சைப் பாத்தாரு. “பத்து நிமிடம் நிறைவடைந்தது. கல்வெட்டு விதிப்படி ஒரு முறை உக்காந்தவங்க மூணு வருஷத்துக்கு மறுபடியும் உக்கார முடியாது. வாழ்த்துகள்.”

அம்மா எய்ந்து, ஒரு கண்ணு மேல இருந்த வெள்ளரிக்காயை எடுத்துத் துன்னா. இன்னொண்ணைக் கையிலயே எடுத்தாந்து வூட்டுல மாட்டுக்குக் குடுத்தா.

அன்னிக்கே நான் ‘இதுக்குப் பேரு ஓய்வே இல்ல’ன்னு மனு எயுதுனேன். ஏயு பக்கம். மேலதிகாரிங்க ஒருத்தரும் பாக்கி இல்லாம எல்லாருக்கும் அனுப்புனேன். பதினஞ்சாம் நாளு பதில் வந்திச்சி. கூடத்துல சாரே படிச்சிக் காட்டுனாரு.

“இவ்வூர் மகளிர் முந்நூற்றுப் பன்னிருவரும் தினமும் ஒரு மணி நேரம் தவறாமல் குலுக்கலில் கலந்துகொண்டதை வருகைப் பதிவேடு உறுதி செய்கிறது. தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க இயன்றவர்கள் பிஸியான மகளிர் என்னும் வரையறைக்குள் வரமாட்டார்கள். எனவே இவ்வூருக்கு ஓய்வு தேவையற்றது எனத் தீர்மானித்து, திட்டம் உடனடியாகத் திரும்பப் பெறப்படுகிறது.”

நாற்காலியைத் தூக்கி ஜீப்புல போட்டுக்கினு போய்ட்டாங்க.

பொம்பளைங்க மூஞ்சில அப்டி ஒரு சந்தோசம். அம்மா என் தோளைத் தட்டி, “நல்ல வேலை செஞ்சடி. நாளைக்கி நாலு மணி எனக்குத்தான்”னா.

எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது. “இன்னாம்மா பேசற? நீ பிஸி இல்லன்னு எயுதிக் குடுத்துட்டுப் போறான், நீ சிரிச்சிக்கினு கீற? இத்த சும்மா வுட முடியுமா?”

வுடல. மறுநாளே ‘மகளிர் ஓய்வு உரிமை மீட்புக் குழு’ ஆரம்பிச்சேன். கூட்டத்துக்கு எங்க வூட்டுப் பின்னாலதான் தோது. வாட்ஸப்ல போட்டேன், நாலு மணிக்கு முப்பத்தெட்டு பேரு வந்துட்டாங்க. நான் தண்ணித்தொட்டி மேல ஏறி நின்னு நாப்பது நிமிஷம் பேசுனேன். ஒரு பொம்பளைக்குத் தனக்குன்னு பத்து நிமிஷம் எவ்ளோ முக்கியம்னு நான் பேசுனதுல எனக்கே கண்ணு கலங்கிடுச்சி. அம்மா முப்பத்தெட்டு பேருக்கும் டீ போட்டா.

டம்ளரு கய்விக்கினே கேட்டா: “நாளைக்குமா?”

“உத்தரவு வாபஸ் ஆவற வரைக்கும் தினமும்மா. நாலு மணிக்கு.”

“ஆறு மணிக்கு வெச்சிக்கயேன்.”

“ஆறு மணிக்கு நீங்கல்லாம் பிஸிம்மா.”

அம்மா கடைசி டம்ளரைக் கவுத்து வெச்சா. “நாளைக்கி நான் வரல.”

“உன் வூட்லயேதானம்மா கூட்டம் நடக்குது. எங்க போவ?”

“ஜெயம்மா அக்கா வூட்டுக்கு. அங்கயும் தொட்டி கீது.”

“பெரிம்மாவும் இங்க வந்தாவணுமே.”

“அதனாலதான்டி அங்க போறேன். யாரும் இருக்க மாட்டாங்க.”

சொன்ன மாதிரியே போய்ட்டா. எங்க அம்மான்றதுக்கோசரம் வுட முடியுமா? இன்னிக்கி அவளை வுட்டா நாளைக்கி எல்லாரும் ஓய்வு எடுக்கப் போயிடுவாங்க, அப்புறம் ஓய்வுக்கோசரம் யாரு போராடுவாங்க? வருகை நோட்டுல ‘சுலோச்சனா’ன்னு இருந்த எடத்துக்கு நேரா செவப்பு பேனால பெருக்கல் குறி போட்டேன். தொடர்ந்து ரெண்டு நாளு வராதவங்ககிட்ட எயுத்து மூலமா விளக்கம் கேக்கறதுன்னு தீர்மானமும் போட்டுட்டோம். யாருமே எதிர்க்கல. எல்லாரும் மாடு கறக்கப் போவணும்னு வாசப்பக்கமே பாத்துக்கினு இருந்தாங்க.