ஆட்டாத கோப்பையும் ஆடிய மயிலும்

பிரசாதம் வாங்கிப் பழகிய கைக்கு எதையும் வேண்டாமென்று சொல்லத் தெரியாது. கோயிலில் இது பணிவு. அரபு வீட்டு வரவேற்பறையில் ஆபத்து.

ராஸ் அல் கைமாவில் பீங்கான் தொழிற்சாலையில் பணிபுரிந்த காலத்தில், டியூட்டி முடிந்ததும் அடியேன் எலுமிச்சம்பழ அளவில் மண்கலயங்கள் செய்வேன். செம்மண் கலயத்தின்மேல் கருங்குழம்பு பூசிச் சுட்டு, அந்தக் கருந்தோலை ஊசியால் கீறினால், உள்ளிருக்கும் சிவப்பில் உருவம் தோன்றும். நான் கீறியது பெரும்பாலும் மயில். (கந்தவேளுக்கு ஆட்பட்டவன் வேறென்ன கீறுவான்?)

கீழக்கரையிலிருந்து வந்து அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த காதர் பாய், அவற்றை ஓர் அரபுப் பெரியவரிடம் காட்டினார். தம் மகள் கல்யாணத்தில் விருந்தினருக்கெல்லாம் ஆளுக்கொரு கலயம் தர அவர் விரும்பினாராம். ஆனால் நான் கீறுவதை நேரில் பார்க்க வேண்டுமாம். அந்த ஆர்டர் கிடைத்தால் தொழிற்சாலையை விட்டுவிட்டு இதையே பிழைப்பாகக் கொள்ளலாம்.

நாங்கள் சென்ற நாள் கிருத்திகை. விரதம், வெறும் வயிறு.

பணியாளர் ஏலக்காய் மணக்கும் கஹ்வாவை, அதாவது அரபுக் காப்பியை, கைப்பிடியில்லாச் சிறு கோப்பையில் ஊற்றினார். இரு கையேந்தி வாங்கிப் பருகினேன். மீண்டும் ஊற்றினார். பருகினேன். கோப்பை நிறைவதும் ஒழிவதும் பிறப்பும் இறப்பும்போல முடிவின்றித் தொடர்ந்தன.

“என்ன சாமி, இம்புட்டுக் குடிக்கிறிய?” என்று காதர் பாய் கிசுகிசுத்தார்.

“அவரு விட்டாத்தானே? ஊத்திக்கிட்டே இருக்காரே பாய்!”

“போதும்னா கோப்பைய லேசா ஆட்டணும். இதுகூடத் தெரியாதா?”

“முன்னாடியே சொல்லக்கூடாதா!”

“ஆசையாக் குடிக்கிறியன்னுல்ல நெனச்சேன்!”

ஆட்டினேன். கஹ்வா நின்றது; ஆட்டம் நிற்கவில்லை. விரல், மணிக்கட்டு, முழங்கை என்று மேலேறியது. ஊசியை எடுத்தேன். மயிலின் கழுத்தைக் கீறினால் மின்னல் வந்தது. தோகையைக் கீறினால் முள்வேலி வந்தது. மனத்துக்குள் துதிப்பாடல்களைச் சொல்லிப் பார்த்தேன். அவையும் இருமடங்கு வேகத்தில் ஓடின.

பெரியவர் கலயத்தை வாங்கி உருப்பெருக்கிக் கண்ணாடியில் நெடுநேரம் ஆராய்ந்தார். இது என்ன என்று இந்தியில் கேட்டார். மயில்தான் என்று காதர் பாய் கூசாமல் சொன்னார். குளிரில் நிற்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். (வெளியே வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது.)

பெரியவரின் பார்வை என் கைக்கும் காலிக் கோப்பைக்கும் போய்வந்தது. பிறகு தாடி குலுங்கச் சிரித்தார். அவர் சொன்னதைக் காதர் பாய் அப்படியே தமிழில் இறக்கினார்:

“ஆர்டர் ஒங்களுக்குத்தான் சாமி. ஆனா வேல முடியுற வரைக்கும் கஹ்வா மாஃபி! ஒரு சொட்டுக் கெடையாது!”

தொழிற்சாலையை விட்டேன். அந்த ஊசிதான் இன்றுவரை சோறு போடுகிறது. நடுங்கிய மயிலை மட்டும் பெரியவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது எங்கள் பூஜை அலமாரியில் வேலவன் படத்தருகே வீற்றிருக்கிறது. நான் டம்ளரை ஆட்டினால்தான் என் மனைவி காப்பி ஊற்றுவதை நிறுத்துவாள். விருந்தாளி யாராவது சிரித்துவிட்டால், உடனே அந்தக் கலயத்தை எடுத்து வந்து காட்டுவாள்.

“இவரு செஞ்ச மயிலுங்க. அதான் எங்க வீட்டுக்கு முருகன் நடந்தே வர்றாரு.”