செயின் இல்லாத வண்டிக்கு எந்த கிரீஸ்?

இஞ்சின் கத்தியது. வண்டி நகரவில்லை.

ஜெயப்பிரகாஷ் இன்னும் கொஞ்சம் முறுக்கினான். சத்தம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். வண்டி மட்டும் மாமனார் வீட்டு வாசலிலேயே நின்றது. தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்றவர் அதைத் தாண்டிப் போய்விட்டார்.

"கிளட்ச்சு வழுக்குது, மாமா."

தில்லைநாதன் அவன் பக்கம் திரும்பவில்லை. பேப்பரைப் பார்த்தபடியே மனைவியிடம் சொன்னார். "மங்கலம், போன வாரம் கிளட்ச்சு இறுகிக் கெடந்துச்சி. இந்த வாரம் வழுக்குதாம். அடுத்த வாரம் என்னாவும்னு வந்தவரக் கேளு."

மங்கலம் இரண்டடி தள்ளி நின்ற மருமகனைப் பார்த்தாள். "அடுத்த வாரம் என்னாவும்னு கேக்கறாரு."

"காதுல விழுந்துச்சி, அத்த."

வந்தவர். மூன்று வருஷமாக அவனுக்கு அந்த வீட்டில் அதுகூடக் கிடையாது. தமிழினியை அவன் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து தில்லைநாதன் அவன் பெயரைச் சொன்னதில்லை, படியேற விட்டதுமில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தமிழினி மட்டும் கடலூரிலிருந்து தனியாக வந்து போவாள்.

போன மாதம் திடீரென்று மங்கலம் மகளுக்குப் போன் செய்தாள். "அப்பா வண்டி மக்கர் பண்ணுது. உன் வீட்டுக்காரரு குடிகாட்டு கம்பெனில ஃபிட்டர்தான? வேணும்னா வந்து பாக்கட்டும்னாரு."

அந்த 'வேணும்னா'வைப் பிடித்துக்கொண்டு ஜெயப்பிரகாஷ் அயர்ன் செய்த சட்டையில் பஸ் ஏறினான். அவனுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். வண்டியைச் சரிசெய்துவிட வேண்டும். அந்த மனுஷர் வாயால் ஒரே ஒரு தடவை 'மாப்ள' என்று கூப்பிட வேண்டும்.

வண்டியைப் பார்த்ததும் ஆசை ஆட்டம் கண்டது. பரதநாட்டியம் கற்றுக்கொள்ள வந்த ஜெர்மனிக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. செயினே கிடையாது. இஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தண்டு ஓடியது. கியர்பாக்ஸைக் கழற்றினால் உள்ளே இன்னொரு தண்டு. அதில் நீளவாக்கில் பல் பல்லாக வெட்டியிருந்தது. ஸ்ப்லைன் என்பார்கள். கிளட்ச் தட்டு அதன்மேல்தான் முன்னும் பின்னும் நகர வேண்டும். பல்லெல்லாம் காய்ந்து துருவேறியிருந்தது.

கிரீஸ் வைத்தால் முடிந்தது என்று நினைத்தான். எந்த கிரீஸ் என்ற கேள்வி அப்போது அவனுக்குத் தோன்றவேயில்லை. கம்பெனியில் நான்கு வருஷமாக எல்லா பம்புக்கும் அவன் வைத்தது ஒரே மஞ்சள் கிரீஸ்தான். அதையே கடையில் வாங்கிவந்து விரல் நுனியில் எடுத்துத் தடவினான். வாசற்படி மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"மங்கலம், இவ்ளோதானா வைப்பாங்க? இன்னும் ஜாஸ்தியா வைக்கச் சொல்லு."

வைத்தான். அது தெறித்துக் கிளட்ச் தட்டு முழுக்க அப்பிக்கொண்டது. அதனால்தான் இந்த வழுக்கல்.

ஜெயப்பிரகாஷுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அதைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. ஒரு விரல் கிரீஸில் இவ்வளவு சங்கதியா? கடலூர் துறைமுகத்தில் படகு இஞ்சின் பார்க்கும் நண்பன் அபுபக்கரிடம் போய்க் கேட்டான்.

"மச்சான், படகு ஷாஃப்ட்டுக்கு வைக்கறது இருக்கு. கடல் தண்ணியே அசைக்காது," என்று டப்பாவை நீட்டினான் அபுபக்கர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டைக் கழுவித் துடைத்து, படகு கிரீஸைத் தடவினான். "இன்னும் கொஞ்சம் வை தம்பி," என்றார் தில்லைநாதன். இந்தத் தடவை நேராகவே சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் ஜெயப்பிரகாஷ் இரண்டு விரலால் அள்ளினான். நிறையவே விழுந்தது.

"ஏறு, ஓட்டிப் பாத்துருவோம்," என்று அவரே வண்டியை எடுத்தார். இவன் பின்னால் உட்கார்ந்தான். மேலவீதி வந்ததும் விஷயம் தெரிந்தது. கடல் தண்ணீரே அசைக்காத கிரீஸைக் கிளட்ச் தட்டும் அசைக்கவில்லை.

"மாமா, கிளட்ச்ச புடிங்க!"

"புடிச்சிக்கிட்டுதான்யா இருக்கேன்! அது பாட்டுக்குப் போவுது!"

"சாவிய அணைச்சிடலாம் மாமா!"

"அணைச்சா திரும்பக் கெளம்பாது. சும்மா உக்காரு!"

ஆக, கோவிலைச் சுற்றி நான்கு வீதியிலும் ஊர்வலம் நடந்தது. மூன்றாவது சுற்றில் ஜவுளிக்கடைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். "சார், பின்னால யாரு?"

"வண்டி பாக்க வந்தவரு!" என்று கத்தினார் தில்லைநாதன்.

இன்னும் 'வந்தவரு'தானா என்று நினைத்துக்கொண்டான் ஜெயப்பிரகாஷ். பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றபின் இருவருமாக வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். அன்று முதல் தடவையாக அவனுக்கு இலை போட்டார்கள். வஞ்சிரம் வறுவல் ருசியாகத்தான் இருந்தது. அவனுக்கு இறங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தான். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் ஸ்ப்லைனுக்கு எந்த கிரீஸ் என்று பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருந்தார்கள். ஒருவன் இன்னொருவனை மடையன் என்றே எழுதியிருந்தான். எல்லாரும் ஒத்துப்போன இடம் இரண்டு. மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ் வேண்டும். அதையும் நெற்றியில் விபூதி பூசுவதுபோல லேசாகத்தான் பூச வேண்டும்.

மாமனாருக்கு உடனே போன் செய்தான்.

"கறுப்பு கிரீஸா? சிதம்பரத்துல கெடைக்காது தம்பி. நான் அலைஞ்சி பாத்துட்டேன். நீ ஞாயித்துக்கெழம வா, வேற எதனா வச்சிப் பாப்போம்."

கடலூரிலும் கிடைக்கவில்லை. பாண்டிச்சேரிக்கும் போய்வந்தான்.

"வெறுங்கையோட எப்படிப் போவேன்?" என்றான் தமிழினியிடம். "இந்த வாரமும் சொதப்புனா அவ்ளோதான், திரும்ப வாசப்படி ஏற வுடமாட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் இறங்கியவன் மாமனார் வீட்டுக்குப் போகப் பயந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஏறினான். கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

"மாலிப்டினம் கிரீஸ் இருக்குங்களா? ஷாஃப்ட்டு வண்டிக்கு."

கடைக்காரர் இம்தியாஸ் நிமிர்ந்து, அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க கடலூருங்களா?"

"ஆமா."

"அப்ப ஸ்டாக் இல்ல."

"கடலூருன்னா இல்லியா? அதோ, உங்க தலைக்கு மேலயே கறுப்பு டப்பா நாலு இருக்கே!"

இம்தியாஸ் தலையைச் சொறிந்தார். திரும்பி டப்பாவைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"மன்னிச்சிக்குங்க. தில்லைநாதன் சார் போன மாசமே ரெண்டு டப்பா வாங்கி வீட்டுல வச்சிருக்காரு. 'கடலூர்லேர்ந்து எங்க மாப்ள வந்து கேட்டா இல்லன்னு சொல்லிடு இம்தியாஸு, வண்டி சரியாயிட்டா அவரு வரமாட்டாரு'ன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."