ஆந்தை சாரின் கண்

"சாவியைக் கொடுங்க சார். இன்னைக்கு ராத்திரி வண்டியை நான் ஓட்டறேன்."

கேட்டே விட்டாள். கேட்கக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றைக்கே ஸ்டோர் அக்கா சொல்லி வைத்திருந்தாள். "இங்க இன்க்ரிமென்ட் கேளு, லீவு கேளு, மேனேஜர் உக்காந்திருக்கிற நாற்காலியைக்கூடக் கேளு. ஆந்தை சார்கிட்ட அந்தக் கார் சாவியை மட்டும் கேட்டுடாதே."

ஆந்தை சார் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பையைத் தட்டியும் பார்த்துக்கொண்டார்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"எங்கப்பா லோடு வண்டி ஓட்டினவர் சார். பள்ளிக்கூடத்துக்குப் போறதுக்கு முன்னாடியே கியர் மாத்தக் கத்துக்கிட்டேன்."

"ஓட்டறது வேற, பாக்கறது வேறம்மா. ராத்திரியில பாக்கறதுக்குன்னு ஒரு கண் வேணும். அது பொம்பளைப் பிள்ளைங்களுக்குச் சரிப்படாது." ஜன்னலைப் பார்த்தார். வெயில் லேசாக மஞ்சளாகியிருந்தது. "அடடா, மணி நாலே முக்கால். நான் கிளம்பறேன். கண்ணை இருட்டுக்குப் பழக்கணும்."

போய்விட்டார். மேனேஜர் வாசல் வரை போய் வழியனுப்பினார். மருமகன் ஊருக்குப் போகும்போது மாமனார் நிற்பாரே, அந்த மாதிரி.

அது கார்களுக்கு எல்.இ.டி. ஹெட்லைட் செய்யும் கம்பெனி. அவளுக்கு அங்கே இருட்டறையில் வேலை. விளக்கை ஒரு முனையில் மாட்டி, இருபத்தைந்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் வெளிச்சம் எங்கே எவ்வளவு விழுகிறது என்று மீட்டரை வைத்து அளந்து எழுதுவாள். நாள் முழுக்கக் கையில் மீட்டரோடு திரிந்ததால் எல்லோருக்கும் அவள் "மீட்டர்". அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். அந்தப் படிப்பு அவளை ஜன்னல் இல்லாத ஓர் அறையில் கொண்டு வந்து நிறுத்தியிருந்தது.

அளந்தால் மட்டும் போதாது. அந்த விளக்கைச் சோதனைக் காரில் மாட்டி, ராத்திரியில் நிஜ ரோட்டில் ஓட்டிப் பார்த்து, பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒருவர் எழுத வேண்டும். அவர்தான் ஆந்தை சார். சாயங்காலம் காரை வீட்டுக்கு எடுத்துப் போவார். காலையில் காரும் வரும், ரிப்போர்ட்டும் வரும். மீட்டர் எழுதிய நாற்பது பக்க எண்களை யாரும் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆந்தை சார் எழுதிய அரைப் பக்கத்தை மேனேஜர் மீட்டிங்கில் சத்தமாகப் படிப்பார்.

"கேளுங்க! 'ஓரமாக நடந்து போகிறவரின் செருப்பு தெரிகிறது, ஆள் தெரியவில்லை. செருப்பைப் பார்த்து பிரேக் போட முடியாது. நாலு மதிப்பெண்.' என்ன மனுஷன்யா!"

மீட்டருக்கு வயிறு எரியும். எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது சரியாக இருக்கும். இருட்டறைக்குப் போய் அளந்து பார்ப்பாள். ஓரத்தில் முழங்காலுக்கு மேலே வெளிச்சம் நிஜமாகவே குறைவாகத்தான் இருக்கும். ஏழு நாள் அளந்தும் அவள் கண்ணில் படாதது, ஒரே ராத்திரியில் அந்த ஆள் கண்ணில் பட்டிருக்கும்.

இன்னொரு ரிப்போர்ட்டில், "வெளிச்சம் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை நினைத்து இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை நான் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரே வருகிற கார்களுக்கெல்லாம் மதிப்பெண் போட்டாள். எல்லாவற்றுக்கும் மூன்று.

இப்போது அவசரம் வேறு சேர்ந்திருந்தது. ரோட்டில் ஓட்டிப் பார்க்க இரண்டாவது ஆள் எடுக்கப் போகிறார்கள். யாரை எடுக்கலாம் என்று ஆந்தை சார்தான் சொல்ல வேண்டும். "எதுக்கு? நான் ஒருத்தன் போதும்" என்று சொல்லிவிட்டாராம். இந்த வேலை கிடைக்காவிட்டால் ஆயுசு முழுக்க அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"கேட்டுட்டியாமே?" மறுநாள் ஸ்டோர் அக்கா கண்ணை விரித்தாள். "உனக்கு நெஞ்சுல பயமே கிடையாதா?"

"அந்தாளு கண்ணுல அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கறேன்க்கா."

"பாத்து என்ன பண்ணப் போறே?"

"பொய்யுன்னு காட்டப் போறேன்."

அன்று காரில் புது விளக்கை மாட்டியபோது, யாரும் பார்க்காத நேரம், வலது விளக்கின் திருகாணியை இரண்டு சுற்று சுற்றிவிட்டாள். வெளிச்சம் மேலே தூக்கிக்கொண்டது. கவனிக்காமல், நல்ல விளக்குக்குப் போடுகிற ஒன்பதரையைப் போட்டார் என்றால் ஆள் அகப்பட்டார். எதிரே வருகிறவர்களுக்குக் கண் கூசுமே என்று ஒரு நிமிஷம் மனசு உறுத்தத்தான் செய்தது. பொறாமை அந்த உறுத்தலை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டது.

காலையில் ரிப்போர்ட் வந்தது. மேனேஜர் படித்தார்.

"'இடது விளக்கு ரோட்டைக் காட்டுகிறது. வலது விளக்கு மரத்தில் காக்கைக் கூடு எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது. திருகாணி இரண்டு சுற்று அதிகம். தெரு முனையிலேயே நிறுத்திச் சரி செய்துவிட்டுத்தான் ஓட்டினேன்.' ரெண்டு சுத்தாம்! ஸ்கேல் வெச்சு அளந்த மாதிரி சொல்றார்! ஏம்மா மீட்டர், நீ எதை வெச்சு அளக்கறே?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆந்தை சார் மட்டும் சிரிக்கவில்லை, அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அடக்கம்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

அடுத்த வாரம் பெரிதாக ஒன்று செய்தாள். விளக்குக்குள் இருக்கும் எல்.இ.டி.யைக் கழற்றி, கொஞ்சம் நீலம் பூத்த வேறொன்றை வைத்தாள். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மீட்டரில் எண் முன்னைவிட அதிகமாகவே காட்டியது. மீட்டரே ஏமாந்த இடத்தில் மனுஷன் எம்மாத்திரம்?

அன்று ராத்திரி மழை.

"'பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் ரோடு நனைந்ததும் இந்த வெளிச்சத்தை அப்படியே குடித்துவிட்டது. மழைத்துளிகள்தான் கண் முன்னே மின்னுகின்றன. பள்ளம் எது, தண்ணீர் எது என்று புரியவில்லை. போன வாரத்து விளக்கு இது இல்லை. யார் மாற்றியது?'" மேனேஜர் காகிதத்தை மேஜையில் வைத்தார். "யார் மாத்தினது?"

ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"சரி. இனிமே லேப் எழுதற ஒவ்வொரு எண்ணையும் ஆந்தை சார் பாத்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஃபைல்ல சேக்கணும்."

ஆக, அவர் கையில் இருக்கும் சாவியைப் பிடுங்கப் போனவளிடமிருந்து அவளுடைய மீட்டரும் போயிற்று.

"பேசாம இரு" என்றாள் ஸ்டோர் அக்கா. "நீ குழி வெட்ட வெட்ட அவர் அதுமேல ஏறி நின்னு உயரமாத் தெரியறாரு."

"பகல்ல பாருங்கக்கா, அந்தாளு சாதாரணமாத்தான் இருக்காரு. கண்ணாடிகூடப் போடல. அஞ்சு மணிக்கு மேல மட்டும் எங்கிருந்து வருது அந்தக் கண்ணு?"

"ஆண்டவன் கொடுத்தது."

"எனக்கு ஏன் கொடுக்கல?"

"நீ வரிசையில நின்னியா?"

மூன்றாவது தடவை அவள் விளக்கைத் தொடவே இல்லை. இதுதான் மூளை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். நல்ல விளக்கைக் கொடுத்து, படிவத்தில், "இடது விளக்கில் பத்து சதவீதம் மங்கல்" என்று எழுதி அனுப்பினாள். மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து ஜோடித்து எழுதுகிற ஆளாக இருந்தால், ஆமாம், மங்கல்தான் என்று எழுதுவார். பிடித்துவிடலாம்.

மறுநாள் மேனேஜர் மீட்டிங் போடவில்லை. சாயங்காலம் அவளை மட்டும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே படி."

படித்தாள். "'இடது விளக்கு மங்கல் என்று லேப் எழுதியிருக்கிறது. நாலு தடவை அதே ரோட்டில் போய்த் திரும்பி வந்தேன். இரண்டு விளக்கும் நன்றாக இருக்கின்றன. எழுதியவருக்குத்தான் ஏதோ மனசு சரியில்லை போலிருக்கிறது. திட்ட வேண்டாம். கூப்பிட்டு என்னவென்று கேட்கவும். விளக்குக்கு ஒன்பதரை.'"

அவளுக்கு முகம் சூடேறியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"திருகாணி?" என்றார் மேனேஜர்.

"நான்தான்."

"நீலம்?"

"நான்தான்."

"ஏம்மா? படிச்ச பொண்ணு!"

"படிச்சதாலதான் சார். எனக்கும் அந்த சீட்டுல உக்காரணும். கேட்டா பொம்பளைக் கண்ணுக்குச் சரிப்படாதுங்கறார். நீங்களும் அவர் பின்னாடியே தலையாட்டறீங்க."

"பதினோரு வருஷமா ஒரு ரிப்போர்ட் தப்பாப் போனதில்ல. நான் தலையாட்டாம என்ன பண்ணுவேன்?" மேனேஜர் பெருமூச்சு விட்டார். "இங்க பார். மன்னிப்புக் கடிதம் ஒண்ணு எழுது. அவர் கையெழுத்து வாங்கிட்டு வா. அவர் மன்னிச்சா நானும் மன்னிச்ச மாதிரி. இல்லேன்னா நாளைக்கு உள்ள வராதே."

அதற்குள் மணி ஐந்து. ஆந்தை சார் கண்ணைப் பழக்கக் கிளம்பிப் போயாகிவிட்டது. விலாசம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸிலேயே மன்னிப்புக் கடிதத்தை எழுதினாள். "தாங்கள் அன்புகூர்ந்து" என்று ஆரம்பித்தபோதே கை நின்றுவிட்டது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. எதிரே வந்த கார்களின் விளக்கு ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தது. யார் யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள். அவள் காகிதத்தை நாலாகக் கிழித்தாள். இன்னொரு தாளில் மூன்றே வரி எழுதினாள். 'நான் செய்தது தப்பு. அதற்காக இருட்டறையில் ஆயுசு முழுக்க நிற்க மாட்டேன். இன்றோடு வேலையை விடுகிறேன்.' படித்துப் பார்த்தாள். ஒரு எழுத்தைக்கூட மாற்றத் தோன்றவில்லை.

சின்ன வீடு. வாசலில் சோதனைக் கார் நின்றது. கதவைத் திறந்தது அவர் மனைவி. ஐம்பது வயதிருக்கும். தலைமுடியை இறுக்கிக் கட்டி, காலில் ஷூ போட்டு, எங்கேயோ கிளம்புகிற அவசரத்தில் இருந்தார்.

"லேப்ல இருக்கற பொண்ணுதானே? உள்ள வாம்மா. உன்னைப் பத்தி அவர் நிறையச் சொல்லியிருக்கார்."

"என்ன சொன்னார்?"

"கோவக்காரின்னார்."

முன்னறையில் மூலையில் ஒரே ஒரு பல்பு, இருக்கட்டுமா போகட்டுமா என்று எரிந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் ஹெட்லைட்டுக்கு மதிப்பெண் போடுகிற வீடு! ஆந்தை சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நேருக்கு நேர் போய் நின்றாள்.

"யாரு?" என்றார்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்க்கிற முகம். யாராம்! திமிர் என்றால் இதுதான் திமிர் என்று நினைத்துக்கொண்டாள்.

"மீட்டர். மேனேஜர் அனுப்பினார். கடிதம் கொடுக்கச் சொன்னார்."

"ஓ, அந்த மன்னிப்புக் கடிதமா? போன் பண்ணினார். கொடும்மா."

வாங்கிக்கொண்டார். கண்ணுக்கு நேரே பிடித்தார். மேலிருந்து கீழே, நிதானமாகத் தலையை அசைத்து அசைத்துப் பார்த்தார். மூன்று வரிக் கடிதத்துக்கு இரண்டு நிமிஷம்.

"நல்லா எழுதியிருக்கே. ரொம்பப் பணிவா."

அவள் திகைத்தாள். "முழுசாப் படிச்சீங்களா சார்?"

"வரி வரியாப் படிச்சேனேம்மா. சின்ன வயசு. தப்பு பண்றது சகஜம். மனசார மன்னிச்சுட்டேன்." பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். பாதி கடிதத்தில் விழுந்தது, மீதி மேஜை விரிப்பில் விழுந்தது. "நாளைக்கு வழக்கம் போல வந்துடு."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ராஜினாமாவைக்கூட ஒரு பொருட்டாக மதிக்காமல் கேலி செய்கிறார்!

"நாளைக்கு வர மாட்டேன் சார். இனிமே எப்பவும் வர மாட்டேன். அந்தச் சாவியை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க."

கடிதத்தை அவர் கையிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். "என்னம்மா ஆச்சு? மன்னிச்சுட்டேனே!" என்று அவர் குரல் பின்னாலேயே வந்தது. அவள் நிற்கவில்லை. முடிவு பஸ்ஸிலேயே எடுத்தாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் தள்ளித் திறந்து, தெருவில் இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். வேறு ஊரில் வேறு கம்பெனி இல்லாமலா போகும்? வேறு கார் இல்லாமலா போகும்?

பின்னால் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. வெள்ளை வெளிச்சம் அவளைத் தாண்டித் தெருக்கோடி வரை நீண்டது. திரும்பிப் பார்த்தவளின் கண் கூசாதபடி, ஓரமாக, பதமாக வந்து பக்கத்தில் கார் மெதுவானது. கண்ணாடி இறங்கியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர் மனைவி.

"கோவிச்சுக்காதேம்மா. பொழுது சாஞ்சா அவருக்கு எதிர்ல நிக்கிற ஆளே தெரியாது. பதினோரு வருஷமா ராத்திரி வண்டி ஓட்டறதும் நான்தான், ரிப்போர்ட் எழுதறதும் நான்தான்."