பதினோரு ஓட்டு வீட்டிலிருந்து என் பெயரை அடிக்கவும்

அல்வால், செகந்திராபாத்
9-3-2009

மதிப்பிற்குரிய அண்ணன் பக்தவத்சலம் அவர்களுக்கு,

தம்பி சாரங்கபாணி வணக்கத்துடன் எழுதுவது. நானும் விஜயகுமாரியும் மகள் சுப்ரியாவும் சௌக்கியம். அண்ணியின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று நான் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனைப் படக்கென்று வைத்தீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கப் படிக்கச் சொல்வார்.

சோளிங்கர் வாக்காளர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஐதராபாத்துக்கு வந்து முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு எலெக்ஷனுக்காவது இங்கே வரிசையில் நின்றிருக்கிறேனா? "உன் ஓட்டு ஊர்ல பத்திரமா இருக்குடா" என்று நீங்கள் சொல்லிச் சொல்லியே, அதை ஏதோ பீரோவில் வைத்துப் பூட்டியது போல நிம்மதியாக இருந்துவிட்டேன். தேர்தல் நாளில் காலனியே மை வைத்த விரலோடு நடமாடும். நான் மட்டும் இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பால் வாங்கப் போவேன். வெட்கமாக இருக்கிறது அண்ணா.

இப்போது என்ன திடீர் ரோஷம் என்பீர்கள். எங்கள் வாசலில் சாக்கடைக்குக் குழி தோண்டி நாலு மாதம் ஆகிறது, இன்னும் மூடவில்லை, சுப்ரியாவின் கம்பெனி வண்டி தெருமுனையோடு நின்றுவிடுகிறது, அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு செங்கல் செங்கலாகத் தாண்டிப் போகிறாள், போன வாரம் ஒரு கட்சிக்காரர் நோட்டும் கையுமாக வந்தார், வசமாக மாட்டினார் என்று குழியைக் காட்டப் போனேன், அவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஈ இண்ட்லோ ஓட்டு லேது" என்று கூட வந்தவர்களிடம் சொல்லி, அதே குழியைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். ஓட்டு இல்லாத வீட்டுக்குக் குழியை மூடுவது ஒரு கேடா என்று நினைத்திருப்பார்.

மறுநாளே மூன்று பேரும் வார்டு ஆபீசுக்குப் போனோம். அங்கே ராகவேந்திரா என்று நம் தமிழ்ப் பையன், தாத்தா காலத்திலிருந்து செகந்திராபாத். "ஹவ் சார், சரிதான், வேற ஊர்ல பேர் இருந்தா அந்த லிஸ்டுல என்ன வரிசை நம்பர்னு இங்க எழுதுங்க, அடிக்கச் சொல்லி அனுப்பிடுவோம். தோ ஜகா நக்கோ" என்றான். இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது, நியாயம்தானே? விஜயகுமாரி, "எனக்கு எந்த ஊர்ல பேர் இருக்குன்னு யாராவது என்னைக் கேட்டாங்களா?" என்று படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டாள். சுப்ரியாவோ, "ஏதோ ஒக்க நம்பர் ராசெய் நான்னா, எவரு சூஸ்தாரு?" என்கிறாள். ஏதோ ஒரு நம்பரை எழுதிவிட வேண்டுமாம், யார் பார்ப்பார்களாம்! முப்பத்தொரு வருஷம் ராணுவத் தளவாடம் பரிசோதித்தவன் நான். கண்ணால் பார்க்காத நம்பரை எழுத என் கை வராது. அதனால் இந்த வீட்டில் இப்போது பெண்கள் இருவரும் வாக்காளர்கள். நான் குடியிருப்பவன்.

அந்த நம்பரைத்தான் போனில் கேட்டேன். என்ன சொன்னீர்கள்? "பேரை அடிக்கிறதாவது? செத்தவன் பேரைத்தான்டா அடிப்பாங்க. பதினோரு ஓட்டு வீடுன்னு எல்லாக் கட்சிக்காரனும் மொதல்ல நம்ம வாசல்லதான் வந்து நிக்கிறான். நம்பராம் நம்பர்!"

பதினோரு பேரில் அங்கே குடியிருப்பது நீங்களும் அண்ணியும்தான். உங்கள் மகன் ரகுநாதன் பிலாயில், மற்றவர்கள் எங்கெங்கோ. உங்கள் வாசலில் வேட்பாளர் கும்பிடு போடுவதற்காக நான் என் வாசலில் குழியில் நிற்க முடியாது. வீட்டில் பங்கு கேட்டேனா? பாத்திரம் பண்டம் கேட்டேனா? ஒரு நம்பர் கேட்டேன். மாதக் கடைசிக்குள் அதை அனுப்பாவிட்டால் தாசில்தாருக்கு நேராக எழுதிவிடுவேன், தம்பி காட்டிக்கொடுத்துவிட்டான் என்று ஊரெல்லாம் புலம்பாதீர்கள். இனி அந்த ஊருக்கும் என் ஓட்டுக்கும் சம்பந்தமில்லை. நான் அல்வால்காரன்.

மற்றபடி, சோளிங்கர் நரசிம்மர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் கூடவே கொஞ்சம் நியாய புத்தியையும் கொடுக்கட்டும். அண்ணிக்கு என் நமஸ்காரம். வயதில் மூத்தவர் என்ற ஒரே காரணத்தால் உங்களுக்கும்.

இப்படிக்கு,
கோபம் தணியாத தம்பி
சாரங்கபாணி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அண்ணி போன் செய்தார். நீங்கள் கடைக்குப் போன சமயம் பார்த்துப் பேசினாராம். "நம்பருக்காக அவரைத் திட்டாதீங்க தம்பி, இருந்தாத்தானே குடுப்பாரு? ஏழு வருஷம் முன்னாடி கணக்கெடுக்க வந்தவங்க ஊர்ல இல்லாதவங்க பேரையெல்லாம் அடிச்சிட்டாங்க. லிஸ்டுல இப்ப நாங்க ரெண்டு பேர்தான். அதை வெளிய சொல்ல அவருக்கு மனசு வரல" என்றார். என்ன அண்ணா இது? நான் பிறந்த வீட்டில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், எவனோ என் பெயர் மேல் கோடு போட்டிருக்கிறான், நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்களா? "என் தம்பி இருக்கான், வருவான்" என்று சொல்ல வாயில்லையா? அல்வால் ஆபீஸ் எங்கும் ஓடிப்போகாது. நாளைக் காலையிலேயே தாசில்தார் ஆபீசுக்குப் போய், சண்டை போட்டாவது என் பெயரை மறுபடி ஏற்றுங்கள். படிவம் வாங்கும்போது இரண்டாக வாங்கவும். சுப்ரியாவின் பெயர் நம் வீட்டுப் பட்டியலில் ஏறவே இல்லை.